கப்பல் தலைக்கு மேல் வரும் பத்து நிமிடம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை வீசி ஆடும் விண்வெளி ஆய்வுத் தொடராட்டம் ஒன்றை ஆறு மாதமாக நடத்தி வருகிறீர்கள். அதில் பழைய பிளானட்டரி ரொமான்ஸ் கதைகளின், அதாவது வேற்றுக் கோள்களில் நடக்கும் சாகசக் கதைகளின், உலகங்களைச் சேர்க்க ஆசைப்படுகிறீர்கள்: வறண்ட கடல்கள், கால்வாய்கள், வாளேந்திய அரசிகள், சதுப்புநில வெள்ளிக் கோள். இரண்டு முறை முயன்றும் ஆட்டக்காரர்கள் சிரித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். "சுற்றுப்பாதையிலிருந்தே எல்லாவற்றையும் அளக்கவும் சுடவும் முடிகிறவர்கள் எதற்காகக் கீழே இறங்கி வாள் பிடிக்க வேண்டும்?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. எந்த உலகத்தை எடுப்பது, எந்த விதிப்புத்தகத்தைப் பயன்படுத்துவது என்பவையெல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

நான் இயற்பியல் படித்தவன். பதினாறு ஆண்டுகளாக ஆட்ட நடத்துநராக இருக்கிறேன். நான்கைந்து பேர் நேரில் உட்கார்ந்து, ஒரே கதையை ஓராண்டுக்கும் மேலாக ஆடும் குழுக்கள்தான் எனக்குப் பழக்கம். ஒரே இரவில் முடியும் ஆட்டங்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது. கோள்களின் இயக்கம் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். மேசையைச் சுற்றி இருப்பவர்களின் மனம் பற்றிச் சொல்வதை ஒருவரின் அனுபவமாக மட்டும் கொள்ளுங்கள்.

இந்தக் கதை வகையின் உயிர் எங்கே இருக்கிறது? எட்கர் ரைஸ் பர்ரோஸின் செவ்வாய்க் கதை 1912இல் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. அதன் நாயகன் செவ்வாய்க்குப் போக ஒரு கப்பலும் இல்லை. குகை ஒன்றில் உடலை விட்டுவிட்டு, உடுத்த துணிகூட இல்லாமல் அங்கே கண் விழிக்கிறான். ஆயுதம் இல்லை, மொழி தெரியாது, திரும்பும் வழி தெரியாது. அந்த மண்ணின் மனிதர்களிடம்தான் உணவும் பேச்சும் மானமும் பெற்றாக வேண்டும். வாளும் அரசியும் பிறகு வந்தவை. ஆய்வுக் கதையின் நிலைமை இதற்கு நேர் எதிர். அங்கே எப்போதும் ஒரு கப்பல் காத்திருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் ஏறிப் போய்விடலாம். ஆக, நீங்கள் கலக்க வேண்டியவை இரண்டு நிலைமைகள். போக முடிகிறவர்களைச் சில நாட்களுக்குப் போக முடியாதவர்களாக்க வேண்டும், அதுவும் அவர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்காதபடி. உங்கள் இரண்டு முயற்சிகளிலும் உடையும் கட்டடமும் மாறியிருந்தன. கப்பல் மட்டும் கூப்பிடு தூரத்திலேயே நின்றிருந்தது. சிரிப்பு வந்ததற்கு அதுவே காரணம் என்பது என் ஊகம்.

இரண்டையும் எண்ணெயும் தண்ணீருமாகப் பார்க்க வேண்டாம். அந்தப் பழைய உலகங்கள் அன்றைய ஆய்விலிருந்தே பிறந்தவை. இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி 1877இல் செவ்வாயில் கோடுகளைப் பார்த்துத் தன் மொழியில் 'கனாலி' (வாய்க்கால்கள்) என்றார். பெர்சிவல் லோவல் 1894இல் அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃபில் வானாய்வகம் அமைத்து, அவை வறண்டுகொண்டிருக்கும் ஓர் உலகத்தின் பாசனக் கால்வாய்கள் என்று எழுதினார். அதே ஸ்கியாபரெல்லி 1889இல் புதன் எப்போதும் ஒரே முகத்தைச் சூரியனுக்குக் காட்டுகிறது என்று அறிவித்தார். எரியும் பாதிக்கும் உறைந்த பாதிக்கும் இடையே ஓர் அந்திப் பட்டை கதைகளுக்குக் கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் அர்ரீனியஸ் 1918இல் வெள்ளியைச் சொட்டச் சொட்ட நனைந்த சதுப்பு நிலமாக வர்ணித்தார். கதாசிரியர்கள் இவற்றில் மக்களைக் குடியேற்றினார்கள். பிறகு மூன்றாண்டுகூட ஆகாத காலத்தில் எல்லாம் போயிற்று. 1962 டிசம்பரில் மாரினர் 2 விண்கலம் வெள்ளியின் கடும் வெப்பத்தை உறுதிசெய்தது. 1965இல் ரேடார் அளவீடு புதன் 59 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவதைக் காட்டியது. அதே ஆண்டு ஜூலையில் மாரினர் 4 அனுப்பிய இருபத்துச் சொச்சம் படங்களில் செவ்வாய் நிலவைப் போல் குழிவிழுந்து கிடந்தது.

இதற்கு நல்ல விடை கண்டவர் அந்த உலகங்களைக் கட்டியவர்களில் ஒருவரே. லீ பிராக்கெட் 1949 முதல் தன் நாயகன் எரிக் ஜான் ஸ்டார்க்கைச் செவ்வாயிலும் வெள்ளியிலும் அலையவிட்டவர். 1974இல் அவனை மறுபடி எழுதியபோது, சூரியக் குடும்பத்துக்கு வெளியே, இறந்துகொண்டிருக்கும் சிவந்த விண்மீனைச் சுற்றும் ஸ்கெய்த் என்ற கோளுக்கு அனுப்பினார். மனநிலையைக் காப்பாற்றிக்கொண்டு முகவரியை மாற்றினார். நீங்களும் அதையே செய்யுங்கள். லோவல் சொன்னதே உண்மையாக இருந்த மாற்றுச் சூரியக் குடும்பம் ஒன்றை அமைப்பதும் ஒரு வழிதான். அதை நேசிக்கும் குழுக்கள் உண்டு. ஆனால் உங்கள் தொடராட்டம் ஏற்கெனவே மெய்யான வானவியலில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதியில் வானத்தை மாற்றினால், அதுவரை அவர்கள் அளந்த அளவுகளுக்கெல்லாம் மதிப்பு போய்விடும்.

புதிய முகவரிக்கு நான் பரிந்துரைப்பது சிவப்புக் குறு விண்மீன்: சூரியனைவிடச் சிறிய, மங்கலான விண்மீன். நம்மிடமிருந்து சுமார் 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட் 1 விண்மீனுக்கு ஏழு கோள்கள் இருப்பது 2017இல் அறிவிக்கப்பட்டது. ஏழும் புதனின் சுற்றுப்பாதைக்குள் அடங்கிவிடும் அளவுக்கு நெருங்கிச் சுற்றுகின்றன. ஒன்றின் தரையில் நின்றால் பக்கத்துக் கோள் சில நேரம் நம் நிலவைவிடப் பெரிதாக வானில் தெரியும். வறண்ட உலகம், நனைந்த உலகம், அந்தி உலகம் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பழைய சூரியக் குடும்பம் அப்படியே இங்கே திரும்பி வருகிறது. இவ்வளவு நெருக்கத்தில் சுற்றும் கோள்கள் பெரும்பாலும் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டிக்கொண்டிருக்கும் என்பது இயற்பியலின் எதிர்பார்ப்பு. புதனுக்குப் பொய்யான அந்திப் பட்டை இங்கே மெய்யாகலாம்.

இங்கேதான் உங்கள் கப்பல் பிரச்சினைக்கும் விடை இருக்கிறது. இதை நான் கண்டுகொண்ட நாளில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பூமியைப் போல் வேகமாகத் தன்னைச் சுற்றும் கோளுக்கு மேலே, ஒரே இடத்துக்கு நேராக ஒரு கப்பலை நிறுத்தி வைக்கலாம். பூமிக்கு அந்த உயரம் சுமார் 36,000 கிலோமீட்டர். ஒரே முகத்தைக் காட்டும் கோளுக்கு அப்படி ஒரு சுற்றுப்பாதை கிடையாது. கணக்குப் போட்டால் அது கோளின் ஈர்ப்பு ஆளும் எல்லைக்கு வெளியே போய் விழுகிறது; விண்மீன் கப்பலைப் பறித்துக்கொள்ளும். கோளுக்கும் விண்மீனுக்கும் நடுவே ஒரு சமநிலைப் புள்ளி உண்டு. அது மிகத் தொலைவு, அடிக்கடி எரிபொருள் செலவழித்து நிலைபெற வேண்டும், அந்திப் பட்டையில் நிற்பவருக்கு அது தொடுவானத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். எனவே கப்பல் சுற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும்; தரையை நெருங்கிப் பார்க்கத் தாழ்வாகச் சுற்றுவதே வசதி. பூமியளவுக் கோளில் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 92 நிமிடம். அதில் தரையில் நிற்பவர் கண்ணுக்குக் கப்பல் தொடுவானத்துக்கு மேலே இருப்பது அதிகம் போனால் பத்து நிமிடம். மிச்ச நேரம் அவர்கள் தனியாகத்தான் நிற்கிறார்கள்.

இதை ஆட்டத்தில் கொண்டுவருவது எளிது. மேசையில் மணல் கடிகாரம் ஒன்றை வையுங்கள். கப்பல் மேலே வந்ததும் கவிழ்த்து வைத்து, மணல் தீரும்வரை அவர்கள் விரும்பியதைக் கேட்கலாம், பேசலாம், படம் வாங்கலாம். தீர்ந்ததும் கப்பலில் இருப்பவரின் பாத்திரம் வாய் மூடிக்கொள்ள வேண்டும். என் குழுவில் வழிகாட்டிப் பாத்திரம் அரசவையில் விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது கப்பல் தலைக்கு மேல் வந்து போயிற்று. அவள் இடையில் இருந்த தொடர்புக் கருவி மெல்ல அதிர்ந்தது. எடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். எடுக்கவில்லை. அந்தப் பத்து நிமிடமும் மற்ற நால்வரும் மூச்சுக்கூட விடாமல் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலை நான் உடைக்கவில்லை, திருடவில்லை, புயலில் சிக்கவைக்கவில்லை. அது இருந்தது, வந்தது, போனது.

அடுத்து, எவ்வளவு தூரம் இதெல்லாம் உறுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுப்பாதைக் கணக்கு உறுதியானது. உங்கள் குழுவில் பொறியாளர் இருந்தால் அவரே போட்டுப் பார்க்கட்டும். இத்தகைய கோள்கள் காற்றைப் பிடித்து வைத்திருக்குமா என்பது திறந்த கேள்வி. சிவப்புக் குறு விண்மீன்கள் வன்மையாகச் சுடர் வீசுபவை. டிராப்பிஸ்ட் 1இன் மிக உள்ளே இருக்கும் கோளுக்குக் காற்று மண்டலம் ஏறக்குறைய இல்லை என்று 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளவீடு காட்டியது. எனவே அந்தப் பெயரையே பயன்படுத்தாமல், அதைப் போன்ற ஒரு விண்மீனைக் கற்பித்துக்கொள்வது நல்லது. சுடர்கள் வானொலியைக் கெடுக்கும் என்று சொல்லிக் கப்பலை முற்றிலும் துண்டிக்கச் சிலர் முயல்வார்கள். எப்போதாவது ஒருமுறை செய்யலாம். வாரந்தோறும் செய்தால் நடத்துநரின் கை தெரிந்துவிடும்.

வெள்ளியை விடவே மனமில்லை என்றால் தரையை மறந்து மேலே போங்கள். தரையில் 460 டிகிரிக்கு மேல் வெப்பம், பூமியைப் போல் தொண்ணூறு மடங்கு அழுத்தம். ஆனால் 50 முதல் 55 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தமும் வெப்பமும் மனிதனுக்கு ஏறக்குறைய ஒத்துவரும். சுற்றிலும் கரியமில வாயு என்பதால் நாம் சுவாசிக்கும் காற்றே அங்கே மிதக்கவைக்கும் வாயுவாகிவிடுகிறது. கந்தக அமில மேகத்துக்கு நடுவே மிதக்கும் நகரங்களும், நகரத்துக்கு நகரம் பாயும் வான்படகுகளும் பழைய கதைகளிலிருந்து நேராக வந்தவை போலவே இருக்கும்.

இனி வாள். துப்பாக்கி தெரிந்த உலகத்தில் வாள் ஏன் என்பதற்கு இரண்டு நல்ல காரணங்கள் முன்னோடிகளிடமே இருக்கின்றன. பர்ரோஸின் செவ்வாயில் ரேடியம் துப்பாக்கிகளும் உண்டு. எதிராளி எடுத்த ஆயுதத்தைவிடப் பெரியதை எடுப்பது அங்கே இழுக்கு. ஜாக் வான்ஸ் 1952இல் எழுதிய மிகப் பெரிய கோளில் உலோகமே அரிது. அதனால் கருவிகள் எளியவை. பெரிய கோள் அடர்த்தி குறைவாக இருந்தால் ஈர்ப்பு நம் பூமியைப் போலவே இருக்கலாம் என்பது சரியான இயற்பியல். ஆரம் இரு மடங்கு, அடர்த்தி பாதி என்றால் கணக்கு நேராகும். மூன்று மடங்குக்குப் போனால் அடர்த்தி பாறைக்கும் கீழே இறங்கிவிடும் என்பதால் அங்கே நான் தயங்குவேன். இரண்டு காரணங்களில் மானம் சார்ந்த முதலாவதையே நான் தேர்ந்தெடுப்பேன். உலோகம் இல்லை என்பது ஒரு தகவல், தெரிந்துகொண்டால் முடிந்தது. பெரிய ஆயுதத்தை எடுத்தவனிடம் யாரும் பேசமாட்டார்கள் என்பது ஒவ்வொரு சண்டையிலும் ஆட்டக்காரரை முடிவெடுக்க வைக்கும். கூடவே, சுட்டால் கிடைக்காத ஒன்றை அவர்களுக்குத் தேவையாக்குங்கள்: ஒரு கிழவியின் நினைவில் மட்டும் இருக்கும் வழி, ஒப்புதலோடு மட்டும் கொடுக்கப்படும் பெயர். கப்பலின் பீரங்கி அதன் முன்னால் பயனற்றுப் போகும்.

1977இல் வந்த டிராவலர் தொடங்கிப் பல விண்வெளி விதிப்புத்தகங்கள் ஓர் உலகத்தின் தொழில்நுட்பத்தை ஒரே எண்ணாகச் சுருக்கும். வணிகம் செய்யும் ஆட்டத்துக்கு அது அருமையான வசதி. இங்கே அந்த எண்ணை உடைத்துவிடுங்கள். செய்யத் தெரிந்தது, பழுதுபார்க்க மட்டும் தெரிந்தது, பயன்படுத்த மட்டும் தெரிந்தது, கும்பிட மட்டும் தெரிந்தது என்று நான்கு பட்டியல் போடுவேன். காற்றை உற்பத்தி செய்யும் ஆலை மூன்றாவது பட்டியலில் இருந்தால், வான்படகு இரண்டாவதில் இருக்கும். ஒரு பொருள் ஒரு பட்டியலிலிருந்து அடுத்ததற்கு இறங்கிய நாள் எது, யார் காலத்தில் என்று எழுதி வைத்துக்கொண்டால் அந்த உலகத்தின் வரலாறு முழுவதும் உங்கள் கையில் இருக்கும். ஆய்வுக் குழு தோண்டித் தோண்டிக் கேட்பது அதைத்தான்.

சிலப்பதிகாரம் பாலையைத் தனி நிலமாகச் சொல்லாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்ற கோலம் கொள்ளும் என்று சொல்லும். பழைய கதைகளின் செவ்வாய் அப்படிப்பட்ட பாலை. வெறும் மணலை வர்ணித்தால் ஆட்டக்காரர்களுக்கு அது இன்னொரு பாலைவனக் கோள். இந்த மணல் முன்பு என்னவாக இருந்தது என்பது கையில் பட வேண்டும். என் ஆட்டத்தில் அதைச் செய்தது ஒரு கிணற்றுக் கயிறு. குழு ஒரு சிற்றூரில் தண்ணீர் கேட்டது. கிணற்றைக் காப்பவர் வாளியை இறக்க, கயிறு போய்க்கொண்டே இருந்தது. அடிப்பகுதி, கைபட்டுக் கைபட்டு மெருகேறிய ஏதோ நாரால் ஆனது. அந்தச் செடி அங்கே இப்போது இல்லை. நடுவில் தோல்வார். மேலே வந்ததும் விலங்கு மயிர். இடையிடையே முடிச்சுகள். புதிதாக ஒருவர் காவலுக்கு வரும்போது இரண்டு பாகம் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் அகலம்) நீளம் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவது வழக்கம் என்றார் அவர்.

பொறியாளராக ஆடியவர் பேசாமல் முடிச்சுகளை எண்ணினார். இருபத்து மூன்று. ஒரு காவலரின் காலம் எவ்வளவு என்று கேட்டார். சுமார் இருபது ஆண்டு என்றேன். தாளில் கணக்குப் போட்டார்: 460 ஆண்டுகளில் எண்பது மீட்டர். பிறகு கருவியைக் கிணற்றில் இறக்கி, பாறைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று கேட்டார். பதினான்கு மீட்டர். நான்கு முடிச்சு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றடியில் விளையாடிக்கொண்டிருந்ததாக நான் முன்பே சொல்லியிருந்த சிறுமிக்கு என்ன வயது என்று கேட்டார். அன்று அந்த மேசையில் யாரும் சிரிக்கவில்லை. வாளோ அரசியோ இன்னும் வந்திருக்கவில்லை. அளப்பது ஆய்வாளரின் வேலை. அளந்ததும் அந்த ஊர் அவருடையதாகிவிட்டது. அதற்குப் பிறகு பத்து அமர்வுகள் அந்தக் கோளை விட்டுப் போக அவர்களே மறுத்தார்கள்.

மனிதர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். முன்கூட்டியே விடை வைத்திருங்கள். தனித்தனியே தோன்றி நம்மைப் போலவே ஆனார்கள் என்பது உயிரியலில் மிகவும் பலவீனமான விடை. யாரோ முன்னொரு காலத்தில் கொண்டுவந்து விட்டார்கள் என்பது பழைய விடைதான், ஆனால் நல்ல தடயங்களைத் தரும். மனிதரோடு அவர்கள் பயிரும் வந்திருக்கும். அந்த மண்ணின் சொந்தச் செடிகள் வேறாக இருக்கும். வயல் முடியும் இடத்தில் இரண்டு உயிர்க்குலங்களுக்கும் நடுவே கோடு கிழித்தது போல் எல்லை தெரியும். ஒன்றைத் தின்னும் பூச்சி மற்றதைத் தொடாது. தாவரவியலாளர் பாத்திரம் ஒன்று இருந்தால் அவருக்கு ஒரு முழு அமர்வு இதிலேயே ஓடும்.

அந்தப் பழைய கதைகளிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து வராதீர்கள். வெளியிலிருந்து வந்தவன் சில மாதங்களில் எல்லோரையும்விடச் சிறந்த வீரனாகி, அரசியை மணந்து, படைக்குத் தலைவனாகிவிடும் வழக்கம் அது. பேரரசுகளின் காலத்து நினைப்பு அதில் ஊறியிருக்கிறது. கப்பலும் கருவியும் உள்ளவர்கள் அதே பாதையில் போனால், நீங்கள் விரும்பாமலே அது படையெடுப்புக் கதையாகிவிடும். உள்ளூர் மக்களுக்குத் தங்கள் உலகம் பற்றிக் குழுவைவிட அதிகம் தெரியட்டும். கிணற்றுக் காவலருக்கு அந்த நான்கு முடிச்சுக் கணக்கு முன்பே தெரியும். சொல்லாமல் இருந்ததற்கு அவருக்குக் காரணம் இருந்தது. அவர்களும் குழுவைத் தங்கள் அரசியலுக்குப் பயன்படுத்தட்டும். மொழியை ஒரே பகடை வீச்சில் கொடுத்துவிடாதீர்கள். முதல் சில அமர்வுகளுக்கு இருபது சொற்களை வைத்துக்கொண்டு தடுமாறவிடுங்கள். ஆட்டக்காரர்களுக்கு இது பிடிக்குமா என்பது குழுவுக்குக் குழு மாறும். எனக்கு வாய்த்தவர்களில் ஒருவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவருக்காக உள்ளூர்ச் சிறுவன் ஒருவனை மொழிபெயர்ப்பாளனாகச் சேர்த்தேன். அவன் மொழிபெயர்த்ததெல்லாம் அவனுக்குச் சாதகமாகவே இருந்தது.

சிறு விஷயம் ஒன்று: குறைந்த ஈர்ப்பில் தாவுவது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியினுடையதில் 38 விழுக்காடு. இங்கே அரை மீட்டர் தாவுபவர் அங்கே சுமார் 1.3 மீட்டர் தாவலாம். கதைகளில் வருவது போல் கட்டடங்களைத் தாண்ட முடியாது. ஆனால் ஒரு சண்டையில் எதிராளியின் மார்பு உயரத்துக்கு எழுவது போதுமான வியப்பு. இந்த அளவோடு நின்றால் ஆய்வுப் பக்கம் விரும்புகிறவர்களும் நம்புவார்கள்.

கடைசியாக, வரிசை. இத்தகைய உலகத்தை முதலில் காட்டாதீர்கள். அதற்கு முன் மூன்று செத்த கோள்களைக் கொடுங்கள், உள்ளபடியே: தூசி, விண்ணுடை, கல் மாதிரிகள், கதிர்வீச்சு அளவு, வெறும் பாறை. அமர்வுக்கு ஒன்று போதும், ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல ஆபத்து இருந்தால் சலிக்காது. நான்காவது கோளின் அந்திப் பட்டைக்கு மேலே கப்பல் முதல் சுற்று வரும்போது, கீழே ஒரு மதிலும் அதன் மேல் அசையும் ஒரு துணியும் படத்தில் விழட்டும். யார் அசைத்தது என்று பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட வேண்டும். அடுத்த சுற்றுக்கு 82 நிமிடம் இருக்கிறது. அதற்குள் இறங்குகலத்தைத் தயார் செய்யச் சொல்லி உங்கள் ஆட்டக்காரர்களே கேட்பார்கள்.